திருகுக்கு ஏற்ற திருப்புளி

ஓமந்தூர் என்ற பெயர் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதியதன்று. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியா விடுதலை அடைந்தபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக வீற்றிருந்த இராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர் அது. சென்னை நகரில் அரசினர் தோட்டம் ஒன்றும் அவ்வூரார் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் திண்டிவனத்தை அடுத்த அந்தச் சிற்றூரை இன்று நான் நினைவூட்டுவது அரசியல் வரலாறு பேசுவதற்காக அன்று. அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி, அவற்றிலும் குறிப்பாக அவற்றின் உறுப்புகளைப் பிணைத்து நிற்கும் சிறு திருகுகளின் தலையைப் பற்றிப் பேசவே வந்தேன். திருகின் தலையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கழற்ற முயன்று தோற்றவர்கள் கேட்கமாட்டார்கள்.

திண்டிவனம், விழுப்புரம் பகுதிப் பட்டறைகளுக்கு வரும் பழைய வண்டிகளை அவற்றின் பிறப்பு வழியால் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது ஆங்கிலக் குடும்பம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் மூலம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் குடியேறியது. தாய்வீட்டில் உற்பத்தி அடியோடு நின்று போன பின்னரும் இங்கே அது நிற்கவில்லை. இரண்டாவது செக்கோஸ்லொவாகியக் குடும்பம். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை செய்து வந்த ஜாவா, யெஸ்டி வண்டிகள் அதைச் சேர்ந்தவை. மூன்றாவது ஜப்பானியக் குடும்பம். 1984இல் ஓசூரிலிருந்து வெளிவந்த இண்டு-சுஸுகியும், 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் செய்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் இதில் அடங்கும். இவை யாவும் இந்திய மண்ணில் செய்யப்பட்டவையே. எனினும், பேரப்பிள்ளையின் முகத்தில் பாட்டனாரின் சாயல் தெரிவதுபோல, ஒவ்வொரு வண்டியின் திருகிலும் அதன் மூலநாட்டு அளவும் வடிவமும் தெரியும். ஒரே திருப்புளியைக் கொண்டு மூன்று குடும்பத்தையும் அவிழ்க்கப் புகுவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

தொல்லை எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்ஜினின் பக்கவாட்டில் உள்ள மூடி அலுமினிய வார்ப்பு. அதை ஏழெட்டு எஃகுத் திருகுகள் பிடித்திருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கழன்று வந்துவிடுகின்றன. அந்த ஒன்றின் தலையில் திருப்புளி வழுக்குகிறது, மீண்டும் வழுக்குகிறது, மூன்றாவது முறை தலையில் இருந்த வெட்டே தேய்ந்து மழுங்கிவிடுகிறது. 'மொட்டையாகிவிட்டது' என்பார்கள் பட்டறையில். பிறகு உளி வருகிறது, சுத்தியல் வருகிறது. உளியின் அடி திருகைத் தாண்டி மூடியில் விழுந்தால் வார்ப்பு விரிசல் விடுகிறது. விரிசல் வழியே எண்ணெய் கசிகிறது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு மூடி எங்கே தேடுவது? விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவருக்கும், நிலக்கடலை மூட்டையை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு விரைபவருக்கும் பழைய வண்டி ஓர் அலங்காரப் பொருளன்று; பிழைப்புக்கான கருவி. ஒரு திருகின் தலை மழுங்கியதால் நல்ல வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போவதும் உண்டு.

இந்தப் பகுதியில் இத்தொல்லை மிகுவதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. ஓமந்தூருக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்கு அப்பால் கடல். கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால், அந்த இடம் ஒரு சிறு மின்கலமாக மாறிவிடுகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை உப்புக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருப்பீர்கள், அதே செயல்தான். அந்த மின்கலத்தில் அரிக்கப்படுவது அலுமினியம். அரித்ததனால் உண்டாகும் வெண்மையான பொடி, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. மரைகளுக்கு இடையே அது இறுகி நிரம்பித் திருகைச் சிறைப்படுத்திவிடுகிறது.

இப்போது திருகைத் திருப்பும் விசையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மில்லிமீட்டர் திருகு ஒன்றை அலுமினியத்தில் இறுக்குவதற்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் அளவுள்ள திருப்புத்திறன் போதும். துருவேறி இறுகிய திருகைக் கழற்றுவதற்கு அதைவிட அதிகம் வேண்டியிருக்கும் என்றாலும், நாம் 10 என்றே வைத்துக்கொள்வோம். தட்டையான அலகை வெட்டில் வைத்துத் திருப்பும்போது, அலகின் இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் தள்ளுகின்றன. இதைத்தான் பாடநூல் இரட்டை விசை என்று கூறுகிறது. திருகின் தலை 10 மில்லிமீட்டர் அகலம். அலகும் அதே அகலமாக இருந்தால், 10ஐ 0.010ஆல் வகுக்க, ஒவ்வொரு முனையிலும் 1000 நியூட்டன் வருகிறது. அதாவது ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை. அலகு 6 மில்லிமீட்டரே இருந்தால் அது 1670 நியூட்டனாக, 170 கிலோகிராம் எடையாக உயர்ந்துவிடுகிறது. ஓர் அரிசி மூட்டையைத் தூக்குவதற்கு நீங்கள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அத்தகைய பாரம் நெல்முனையளவு உலோகத்தின்மேல் ஊன்றுகிறது. தலை மழுங்குவதில் வியப்பில்லை. வலிமை குறைவென்று எண்ணிக் கையின் வலிமையைக் கூட்டுபவர், கேட்டை விரைவுபடுத்துகிறார்.

அகலத்துக்கு அடுத்தபடி வடிவம். கடையில் வாங்கும் தட்டைத் திருப்புளிகளில் பெரும்பாலானவை நுனியை நோக்கி ஆப்புப்போல் மெலிந்து செல்பவை. திருகின் வெட்டோ செங்குத்தான சுவர்களை உடையது. ஆப்பை அதனுள் செருகினால் வெட்டின் மேல் விளிம்பை மட்டுமே அது தொடும், அடியில் வெற்றிடம். அதுமட்டுமன்று. சாய்ந்த தளத்தின்மேல் செயற்படும் விசை இரண்டாகப் பிரியும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு பகுதி திருகைத் திருப்புகிறது. மற்றொரு பகுதி அலகை மேல்நோக்கித் தள்ளுகிறது. உராய்வு விசைதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. வெட்டில் எண்ணெய் படிந்திருந்தால் உராய்வு குறைகிறது. அலகு ஏறித் துள்ளிவிடுகிறது. ஆகையால் அலகின் நுனிப் பகுதி, குறைந்தது வெட்டின் ஆழம் வரையிலாவது, இணையான இரு முகங்களைக் கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கி பழுது பார்ப்போர் நெடுங்காலமாக இத்தகைய திருப்புளிகளையே கையாண்டு வருகின்றனர். அவர்கள் அழகிய திருகின் தலையில் ஒரு கீறலையும் பொறுக்கமாட்டார்கள்.

பழைய புல்லட்டின் இடப்பக்கத்து மூடியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு என்பதால் அந்தப் பக்கம் திருப்புளிக்கு வேலையில்லை. வலப்பக்கத்தில்தான் வட்டமான தலையும் ஒற்றை வெட்டும் உடைய திருகுகள் வரிசையாக நிற்கின்றன. ஜாவாவின் பக்க மூடிகளிலும் ஒற்றை வெட்டுத் திருகுகள் உண்டு. ஆங்கிலத் திருகு அங்குல அளவில் பிறந்தது. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறையின் வழிவந்த திருகுகளும், சைக்கிள் தொழிலுக்கென்று தனியே வகுக்கப்பட்டவையும் அதில் கலந்து கிடக்கும். செக் நாட்டுத் திருகு மில்லிமீட்டர் அளவில் அமைந்தது. மரையின் வேறுபாடு நட்டு மாட்டும்போதுதான் தெரியும். தலையின் வேறுபாடு திருப்புளி வைத்தவுடனேயே தெரியும். 6 மில்லிமீட்டர் திருகின் வெட்டு 1.6 மில்லிமீட்டர் அகலம் உடையது. பட்டறையில் சாதாரணமாகக் கிடக்கும் 1 மில்லிமீட்டர் கனமுள்ள அலகு அதில் ஆடிக்கொண்டுதான் நிற்கும்.

ஆகையால் செய்ய வேண்டியது யாது? திருகு பழையது, அரியது. பிட் எனப்படும் மாற்று அலகோ கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பது. மாறவேண்டியது பிட். கால் அங்குல அறுகோணத் தண்டும், வெட்டைவிடச் சற்றுக் கனமும் அகலமும் உள்ள தட்டை நுனியும் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்ததைக் கூட்ட முடியாது. கூடியதைக் குறைக்க முடியும். வெட்டின் அகலத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வால்வின் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகள் எல்லாப் பட்டறையிலும் இருக்கும். அவற்றில் சிலவற்றை ஒன்றாக அடுக்கி வெட்டில் செருகிப் பார்த்து, இறுக்கமாக நுழையும் அடுக்கின் மொத்தக் கனத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த அளவுக்குப் பிட்டின் இரு முகங்களையும் மாறி மாறிச் சாணை பிடிக்க வேண்டும். ஒரே முகத்தைத் தேய்த்தால் நுனி நடுக்கோட்டைவிட்டு விலகிவிடும். சாணைச் சக்கரத்தின் பக்கத்தில் வைக்காமல் அதன் விளிம்பில் வைத்துத் தேய்த்தால், சக்கரத்தின் வளைவு காரணமாக முகத்தில் மிக மெல்லிய குழிவு ஒன்று உண்டாகும். அது நமக்கு நன்மையே. ஆப்பு வடிவம் அதனால் நீங்கிவிடும். நுனியின் அடித்தளம் மட்டும் சமமாகவும் கூரிய விளிம்புகளோடும் இருத்தல் வேண்டும். அகலம் திருகின் தலைக்கு மிகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். மிகுந்தால் பக்கத்திலுள்ள அலுமினியத்தைச் சுரண்டும்.

பொருத்தம் சரிதானா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பக் கூடாது. எண்ணெய் விளக்கின் புகையில் பிட்டின் நுனியை நொடிப்பொழுது காட்டினால் கரி படியும். அதைத் திருகின் வெட்டில் வைத்து, திருகு நகராத அளவுக்கு இலேசாகத் திருப்பி எடுத்துப் பாருங்கள். கரி அழிந்து பளபளக்கும் இடமே தொடுகின்ற இடம். மேலே ஒரு கோடு மட்டும் தெரிந்தால் ஆப்பு வடிவம் இன்னும் போகவில்லை என்பது பொருள். முகத்தின் ஆழம் முழுவதும் தெரியுமாயின் வேலை முடிந்தது.

சாணை பிடிப்பதில் கைத்திறனைவிடப் பொறுமையே முக்கியம். ஏனெனில், எஃகின் கடினம் சூட்டுக்கு அஞ்சுவது. மெருகிட்ட சாதாரணக் கரி எஃகைச் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் வண்ணங்கள் வரிசையாகத் தோன்றும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம். 255 அளவில் பழுப்பு. 280 அளவில் ஊதா. 300 ஆகும்போது நீலம். அந்த நிறங்கள் வெறும் அழகல்ல; எஃகின் பதம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் அறிகுறிகள். சாணைச் சக்கரத்தில் பொறி பறக்கப் பறக்க அழுத்திப் பிடித்தால், மெல்லிய நுனி சில நொடிகளில் நீலத்தையும் தாண்டிவிடும். பிறகு அது திருகைத் திருப்பாது; தானே வளையும். ஆகவே ஒரு குவளை நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நொடிகளுக்கு ஒருமுறை நனைத்து எடுக்க வேண்டும். வெறும் விரலால் பிட்டைப் பிடித்திருங்கள். விரல் பொறுக்கும் சூட்டை எஃகும் பொறுக்கும். துணிக் கையுறை சக்கரத்தில் சிக்கி இழுக்கும் ஆதலால் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி இன்றிச் சாணையருகே நிற்கவே கூடாது. மின்சாணை இல்லாதவர் எண்ணெய்க் கல்லில் கையால் தேய்க்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பதம் கெடும் அச்சம் இல்லை. சாதாரண அரம் பயன்படாது. பிட்டின்மேல் அரம் சறுக்கிச் சென்றால் பிட் நல்லது என்று அறியலாமே தவிர, தேய்க்க முடியாது.

நம் ஊர்க் கொல்லர்கள் இந்த வண்ணங்களைத் தெர்மாமீட்டர் இல்லாமலே படிக்கத் தெரிந்தவர்கள். கடப்பாரை முனைக்கும் உளிக்கும் அவர்கள் 'துவைச்சல்' இடுவதைப் பார்த்திருப்பீர்கள். செக்கச் சிவக்கக் காய்ச்சிய முனையை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்கி, பின் உடலில் எஞ்சிய சூடு முனைக்கு ஏறிவருகையில், வேண்டிய நிறம் தோன்றியதும் மீண்டும் தோய்த்து நிறுத்துவர். பழைய கரி எஃகுத் திருப்புளியை இவ்வாறு ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடையில் நிறுத்தினால், உடையாமலும் வளையாமலும் உழைக்கும். ஆனால் இன்றைய பிட்டுகள் வேறு உலோகங்கள் கலந்த எஃகினால் ஆனவை. அவற்றின் பதம் உலைக்களத்து நிறக்கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. சூடேறிக் கெட்ட பிட்டைக் கொல்லரிடம் கொண்டுபோவதைவிட, வேறொன்றை எடுத்து நிதானமாகத் தேய்ப்பதே மேல் என்பது என் கருத்து.

இனிச் சிலுவை வடிவக் குழியுடைய திருகுகளுக்கு வருவோம். பட்டறையில் 'ஸ்டார்' என்று வழங்குபவை இவை. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரில் தாம்சன் என்பவர் எண்ணிய அமைப்பை ஹென்றி பிலிப்ஸ் என்பவர் பெற்றுச் செம்மைப்படுத்தி, 1936இல் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார்த் தொழிற்சாலைகளில் அது விரைந்து பரவியது. திருப்புளி தானாகவே நடுவில் வந்து அமர்ந்துகொள்வதால் இயந்திரத்தால் திருகுவதற்கு அது மிக ஏற்றது. அதன் குழியின் சுவர்கள் சாய்வானவை. விசை மிகும்போது திருப்புளி மேலேறி வெளியே துள்ளிவிடும். அளவுக்கு மீறி இறுக்காதபடி காக்கவே வேண்டுமென்று இப்படி அமைத்தனர் என்று பலரும் சொல்லக் கேட்கலாம். முதற் காப்புரிமைகளில் அப்படி ஒரு நோக்கம் எழுதப்படவில்லை. 1949இல் வெளியான பிந்திய காப்புரிமை ஒன்றில்தான் அது பேசப்படுகிறது. எப்படியாயினும், இறுக்கும்போது நன்மையான அந்தத் துள்ளல், துருவேறியதைக் கழற்றும்போது பகையாகிறது.

ஜப்பானியர் தங்கள் நாட்டுத் தர விதிப்படி அமைத்த சிலுவைக் குழி, பார்வைக்கு பிலிப்ஸ் குழியைப் போலவே இருக்கும். உள்ளமைப்பில் சிறு வேறுபாடுகள் உண்டு. பிலிப்ஸ் பிட்டின் நுனி சற்று நீண்டு கூராக இறங்குகிறது. அதன் நான்கு சிறகுகள் கூடும் மூலைகளும் சற்றே உருண்டு பருத்திருக்கின்றன. ஜப்பானியக் குழிக்கு ஏற்ற திருப்புளி நுனி மழுங்கி, மூலைகள் ஒடுங்கியிருக்கும். எனவே பிலிப்ஸ் பிட்டை யமஹாவின் திருகில் வைத்தால், சிறகுகள் சுவரோடு முழுதும் பொருந்துவதற்கு முன்பே நுனி குழியின் அடியைத் தட்டி நின்றுவிடுகிறது. காலை வீட்டுக்குள் வைக்குமுன் தலை நிலைப்படியில் இடித்தது போன்ற நிலை. மேலே தெரியும் பிடிப்பு பொய்ப்பிடிப்பு. திருப்பியவுடன் துள்ளும், நான்கு சிறகுகளும் நான்கு மூலைகளை வழித்துக்கொண்டு வெளிவரும். ஜப்பானியத் திருகின் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி பொறித்திருக்கும். ஆனால் புள்ளி இல்லாதவையும் உண்டு. வண்டியின் பிறப்பை அறிந்திருப்பதே நம்பிக்கையான அடையாளம்.

இங்கே பிட்டைத் திருத்தும் வழி மிக எளியது. நுனியை நேர்குத்தாகச் சாணையில் தொட்டு, ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கைக் குறைக்க வேண்டும். பிறகு திருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் சிறிது குறைக்க வேண்டும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவு போனதும், பிட் முன்னிலும் ஆழமாக இறங்கி, ஆடாமல் நிற்பதைக் கை உணரும். திருப்புளியை விட்டுவிட்டாலும் அது சாயாமல் நிற்கும். அதற்குமேல் ஒரு துளியும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சிறகின் ஆழம் குறைந்து பிடிப்பு போய்விடும். சிறகுகளின் முகங்களை எக்காரணத்தாலும் தொடாதீர்கள். மூலைகளின் பருமனைச் சாணையால் நீக்க இயலாது ஆதலால், திருத்திய பிட் உண்மையான ஜப்பானியத் திருப்புளிக்கு ஈடாகாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒசாகா நகரத்து வெசல் முதலிய நிறுவனங்கள் செய்யும் அசல் திருப்புளிகள் இங்கும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்க இயன்றவர் வாங்கலாம். இயலாதவருக்கும், வண்டி வழியில் நின்றவருக்கும் இந்த அரை மில்லிமீட்டர் கைகொடுக்கும்.

எண்ணையும் கவனிக்க வேண்டும். 4, 5 மில்லிமீட்டர் திருகுகளுக்கு 2ஆம் எண் பிட்; 6 மில்லிமீட்டருக்கு 3ஆம் எண். யமஹாவின் என்ஜின் மூடியில் இருப்பவை பெரும்பாலும் பின்னவை. எங்கும் எளிதில் கிடைப்பது 2ஆம் எண் என்பதால் அதையே எல்லாவற்றுக்கும் வைக்கிறார்கள். மூடித் திருகுகள் மொட்டையாவதற்கு நாட்டு வேற்றுமையைவிட இந்த எண் வேற்றுமைதான் அதிகக் காரணமாக இருக்குமென்று நான் எண்ணுகிறேன்.

வேறு சில விசித்திரமான இடங்களும் உண்டு. கார்புரேட்டரின் உள்ளே பித்தளை ஜெட் ஒன்று ஒடுங்கிய கிணற்றுக்குள் ஆழமாக அமர்ந்திருக்கும். அதன் தலையிலுள்ள வெட்டுக்கு ஏற்ற கனமுள்ள அலகு கிணற்றுக்குள் நுழையாது. நுழையும் அலகு வெட்டில் நிற்காது. அங்கே கனத்தைத் தொடாமல், பிட்டின் இரு தோள்களையும் கிணற்றின் ஆழத்துக்குத் தேய்த்து ஒடுக்க வேண்டும். பித்தளை மென்மையானது, நடுவிலுள்ள நுண்துளைதான் பெட்ரோலை அளந்து விடுவது. அலகு வழுக்கி அந்தத் துளை சிதைந்தால் வண்டி குடிக்கும் அளவே மாறிவிடும். மற்றொன்று, பழைய டிரயம்ஃப் முதலிய ஆங்கில வண்டிகளின் கிளச்சில் காண்பது. அங்கே வெட்டு நட்டின் தலையில் இருக்கிறது. நடுவில் போல்ட்டின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அகலமான தட்டை அலகின் நடுவே, அந்த முனைக்கு இடம்விட்டு ஒரு பள்ளம் தேய்த்தால், பாம்பின் நாக்குப்போல் பிளந்த திருப்புளி கிடைக்கும். பழைய ஆங்கில வண்டி வைத்திருப்போரின் கருவிப் பெட்டியில் இப்படிப் பிளந்த அலகு ஒன்று தவறாமல் கிடக்கும்.

பிட் சரியாக அமைந்துவிட்டது என்பதற்காக உடனே திருப்பிவிடக் கூடாது. குழியில் இறுகியிருக்கும் செம்மண்ணையும் பழைய வண்ணப்பூச்சையும் ஊசியால் குத்தி எடுங்கள். மண் இருந்தால் பிட் முழுதும் இறங்காது. இதுவரை பட்ட பாடு வீண். துரு இளக்கும் எண்ணெயை மரைப் பக்கத்தில் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். தலையின் குழியில் விழுந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வால்வு தேய்க்கும் பசையை நுனியில் சிறிது தடவினால் அதிலுள்ள மணற்பொடி உராய்வைக் கூட்டும். பிறகு வெப்பம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவடைகிறது. மூடியின்மேல் கொதிநீரை ஊற்றிச் சூடாக்கினால், 6 மில்லிமீட்டர் துளை திருகைவிட ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு அதிகம் விரியும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான். வெண்பொடியின் பிடி தளர அது போதும். பெட்ரோல் டாங்கு அருகே இருக்கையில் தீச்சுடரை அண்டவிடாதீர்கள், கொதிநீர் போதும்.

அப்படியும் அசையாத திருகுக்கு இம்பாக்ட் டிரைவர் என்னும் கருவி இருக்கிறது. அதன் தலையில் சுத்தியால் அடித்தால், அந்த அடி பிட்டைக் குழிக்குள் அழுத்திக்கொண்டே சிறிது திருப்பவும் செய்கிறது. மேலேறித் துள்ளும் முயற்சியை அடியின் அழுத்தமே அடக்கிவிடுகிறது என்பதுதான் அதன் நுட்பம். அதற்குரிய பிட்டுகள் பருத்த தண்டுடையவை. கால் அங்குலப் பிட்டை அதில் மாட்டி அடித்தால் தெறித்து உடையலாம். ஆகவே அந்தப் பருத்த பிட்டுகளிலும் ஓரிணையைத் திருத்தி வைத்துக்கொள்வது நல்லது.

கழன்ற பழைய திருகுகளை எறிந்துவிட்டு, அறுகோணக் குழியுடைய ஆலன் திருகுகளை மாட்டிவிடுவது இப்போது பரவிவரும் வழக்கம். உழைக்கும் வண்டிக்கு அது தக்கதே, குறைகூற மாட்டேன். ஆனால் ஆலன் சாவி நீளமானது. அளவறியாத கை அதனால் அலுமினியத்து மரையையே பிய்த்துவிடும். தலை மழுங்கினால் திருகு போகிறது. மரை பிய்ந்தால் என்ஜினின் உடலே பழுதாகிறது. ஆங்கில அளவு மரைக்குள் மில்லிமீட்டர் ஆலன் திருகைத் திணிப்பதும் அதே கேட்டில் முடியும்.

பழைய திருகு நல்ல நிலையில் இருந்தால் அதையே மாட்டுங்கள். மரையைக் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்து, சிறிது கிரீஸ் தடவினால் உப்பு ஈரம் உள்ளே புகாது. அடுத்த முறை கழற்றுபவர் கொதிநீர் தேட வேண்டியிராது. எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக இறுக்கினால் மூடி கோணாது. திருத்திய பிட்டுக்கு ஒரு வண்ணக் கோடு இட்டு, மற்றவற்றோடு கலக்காமல், எந்த வண்டிக்காகத் தேய்த்தோமோ அந்த வண்டியின் கருவிப் பையிலேயே போட்டு வையுங்கள். நுனி குறைத்த 2ஆம் எண் பிட்டை அடையாளம் தெரியாமல் எடுத்து, வீட்டு மின்விசிறியின் பிலிப்ஸ் திருகில் வைத்தால், அது அங்கே வழுக்கும்.